மாத்திரை போட்ட நாளில் 24 மணி நேரம் கண்ணாடி ஏன்?

எங்கள் சித்திக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் வெண்புள்ளி. பல வருடங்களுக்கு முன்பு தோல் மருத்துவர் அவருக்குச் சொரலன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் சாப்பிட்டதும் மாத்திரை. இரண்டு மணி நேரம் கழித்து மொட்டை மாடிக்குப் போய், சேலையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சில நிமிடம் வெயிலில் உட்காருவார். மருத்துவர் சொன்ன கறுப்புக் கண்ணாடியையும் மறக்காமல் போட்டுக்கொள்வார். ஆனால் மாடியிலிருந்து இறங்கியதும் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். "வெயில்ல இருந்துதான் வந்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்பார்.

சீட்டிலோ, மாத்திரை போட்டதிலிருந்து 24 மணி நேரம் கண்ணாடி வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏன் என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை. காரணம் தெரியாத விதியை எத்தனை நாள்தான் ஒருவர் கடைப்பிடிப்பார்? அந்தக் காரணம் எலி, முயல், கினிப்பன்றி, நாய் ஆகிய விலங்குகளின் உடம்பில் இந்த மருந்து எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்த ஆய்வுகளில் இருக்கிறது. எனக்கு அது புரிந்தபோது சித்தியின் கண்ணாடிதான் முதலில் நினைவுக்கு வந்தது.

முதலில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். நம் வீடுகளில் குளியல் பொடிக்குப் போடும் கார்போக அரிசி தெரிந்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கறுத்த, சின்ன விதையாகக் கிடைக்கும். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வெண்புள்ளிக்கு அதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் என்ற இந்திய வேதியியலாளர்கள் அந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செடியின் தாவரவியல் பெயர் சொராலியா என்பதால் அது சொரலன் ஆனது. எகிப்தில் அம்மி மேஜஸ் என்ற வேறொரு செடியை இதே நோய்க்குக் கொடுத்து வந்தார்கள். அதிலிருந்து 1947இல் பிரித்தெடுக்கப்பட்ட சொரலன் வகைப் பொருள்தான் 8-மெத்தாக்சிசொரலன். மருந்துப் பெயர் மெத்தாக்சலன். கெய்ரோவின் தோல் மருத்துவர் எல் மோஃப்டி அதை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948இல் எழுதினார். 1974இல் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பேட்ரிக் குழுவினர் இந்த மாத்திரையையும் யூ.வி.ஏ. என்ற புறஊதாக் கதிர் விளக்கையும் சேர்த்துச் சோரியாசிஸ் நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். மருந்தும் கதிரும் சேர்ந்த இந்தச் சிகிச்சைக்குப் புவா என்று பெயர். விளக்குக்குப் பதில் சூரியனையே வைத்துச் செய்வது நம் ஊர்ப் பழக்கம். அதைப் புவாசோல் என்பார்கள்.

இந்த மருந்து இருட்டில் ஏறக்குறையச் சும்மா இருக்கும். அதன் மூலக்கூறு தட்டையானது. டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே நழுவி உட்காரும், பிறகு நழுவி வெளியேயும் வந்துவிடும். அப்படி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள யூ.வி.ஏ. கதிர் பட்டால்தான் அது டி.என்.ஏ.வில் உள்ள தைமினோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு கதிர்த்துகளையும் வாங்கிக்கொண்டால் எதிர்ப்பக்கத்து இழையையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு இழைகளையும் ஆணி அடித்துச் சேர்த்தது போல ஆகிவிடும். அந்தச் செல்லால் பிரிந்து பெருக முடியாது. சோரியாசிஸில் அசுர வேகத்தில் பெருகும் மேல்தோல் செல்கள் அடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெண்புள்ளியில் நடப்பது வேறு. அங்கே முடிக்கால்களில் மிச்சமிருக்கும் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு மேலே நகர்ந்து வருகின்றன. அதனால்தான் வெள்ளைத் திட்டுக்குள் நிறம் முதலில் முடியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் திரும்புகிறது. சித்தியின் முழங்காலில் அந்தப் புள்ளிகளை நானே எண்ணியிருக்கிறேன்.

ஆகவே இந்தச் சிகிச்சைக்கு மருந்தும் கதிரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். கதிர் எங்கே படும் என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். வாயில் போட்ட மாத்திரை எங்கே போனது என்பது தெரியாது. அதைப் பார்க்கத்தான் விலங்குகள் தேவைப்பட்டன.

பார்க்கும் முறையை ஸ்வீடனில் ஸ்வென் உல்பெர்க் உருவாக்கியிருந்தார். கந்தகம்-35 ஏற்றிய பெனிசிலினை வைத்து 1954இல் அதை வெளியிட்டார். மருந்தின் மூலக்கூறில் ஓர் அணுவைக் கதிரியக்க அணுவாக மாற்றி, அந்த மருந்தை எலிக்குக் கொடுப்பார்கள். ஓர் எலியை ஐந்து நிமிடத்தில், இன்னொன்றை ஒரு மணி நேரத்தில், மற்றொன்றை ஒரு நாள் கழித்து என்று வெவ்வேறு நேரங்களில் மயக்கி, உலர்பனியால் குளிரூட்டிய திரவத்தில் முழு உடலையும் உறைய வைப்பார்கள். பசை போன்ற கூழில் புதைத்துக் கட்டியாக்கியபின், உறைநிலைக்கு மிகக் கீழே குளிரூட்டிய அறையில் மூக்கு நுனியிலிருந்து வால்வரை நெடுக்காகச் சீவுவார்கள். ஒவ்வொரு சீவலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தடிமன்தான் இருக்கும். கிழியாமலிருக்க மேலே ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டே சீவ வேண்டும். அந்தச் சீவலை உலர்த்தி எக்ஸ்ரே ஃபிலிமோடு அழுத்தி இருட்டில் வைத்துவிடுவார்கள். டிரிட்டியம் மாதிரி மெல்லிய கதிர் விடும் அணு என்றால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபிலிமைக் கழுவினால் எலியின் உருவமே தெரியும். மருந்து இருந்த இடமெல்லாம் கறுப்பு, இல்லாத இடம் வெளுப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த வுல்ஃப், ஹார்ட் இருவரும் டிரிட்டியம் ஏற்றிய 8-மெத்தாக்சிசொரலனை இப்படித்தான் எலியின் முழு உடலிலும் தேடி 1979இல் எழுதினார்கள்.

தோலுக்கான மருந்து என்றால் தோலில்தான் போய்ச் சேரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விலங்கு ஆய்வுகள் அதை முதலிலேயே உடைத்துவிடுகின்றன. கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு இது. குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்ததும் ஆல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் சுற்றுகிறது. பிடி தளர்வானதுதான், போகிற இடமெல்லாம் விட்டுவிட்டு இறங்கிக்கொள்ளும். அதிகம் சேர்வது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும். மேல்தோல் செல்கள் இதை விரும்பி உள்ளே வாங்கிக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் மொத்த உடம்பையும் வைத்துப் பார்த்தால் தோலுக்கு முதலிடம் இல்லை. உள்ளுறுப்புகளுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்றால், அவை இருட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். தோலுக்குள் யூ.வி.ஏ. ஓரிரு மில்லிமீட்டர் போவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

படத்தில் தெரியும் கறுப்பைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை உண்டு. ஃபிலிம் பார்ப்பது கதிரியக்க அணுவைத்தான், மருந்தை அல்ல. கல்லீரல் மருந்தை உடைத்துவிட்டாலும் உடைந்த துண்டில் அந்த அணு இருந்தால் ஃபிலிம் கறுக்கும். 8-மெத்தாக்சிசொரலன் விஷயத்தில் இது பெரிய வித்தியாசம். 1979இல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், கல்லீரல் இதன் ஃபியூரான் வளையத்தைத் திறந்துவிடுவது தெரிந்தது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிடிக்க அந்த வளையம் வேண்டும். வளையம் திறந்த துண்டு உடம்பில் எவ்வளவு இருந்தாலும் ஆணி அடிக்காது. அதனால் படத்தோடு நிற்காமல், திசுவை அரைத்து, அதில் முழுமருந்து எவ்வளவு, துண்டு எவ்வளவு என்று தனித்தனியே அளக்க வேண்டியிருந்தது.

கல்லீரலின் இந்த வேலையால் இன்னொரு சிக்கலும் வருகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரல் வழியாகத்தான் போகிறது. மருந்தில் கணிசமான பங்கை அது அங்கேயே வழிமறித்து உடைத்துவிடுகிறது. ஆனால் அதன் கைக்கும் ஓர் அளவு உண்டு. எலியிலும் சரி மனிதனிலும் சரி, மருந்தின் அளவு கூடினால் கல்லீரல் திணறிவிடும். அப்போது இரண்டு மடங்கு மாத்திரைக்கு ரத்தத்தில் இரண்டு மடங்குக்கும் மேலே மருந்து ஏறும். "இன்னைக்கு ஒன்று சேர்த்துப் போட்டுக்கறேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கணக்கு நேராக ஓடாத மருந்து இது. கல்லீரலில் கஃபீனை உடைக்கும் நொதியையும் இது மடக்கிப் போடுகிறது. மாத்திரை போட்ட அன்று குடித்த காபி வழக்கத்தைவிட நெடுநேரம் ரத்தத்தில் நிற்கும்.

ரத்தத்தில் இந்த மருந்து சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. மனிதனில் ஏறக்குறைய 95 சதவீதம் 24 மணி நேரத்துக்குள் உடைந்த துண்டுகளாகச் சிறுநீரில் போய்விடுகிறது. அப்படியானால் எப்போது வெயிலில் உட்காருவது? ரத்தத்தில் உச்சமாக இருக்கும்போதா, தோலில் உச்சமாக இருக்கும்போதா? கினிப்பன்றி இங்கேதான் உதவியது. முதுகில் முடியைச் சவரம் செய்துவிட்டால் அதன் தோல் சிவப்பதை நேரடியாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் கோர்ன்ஹவுசர் குழுவினர் கினிப்பன்றிகளுக்கு 8-மெத்தாக்சிசொரலனையும் அதன் உடன்பிறப்பான 5-மெத்தாக்சிசொரலனையும் வாய்வழி கொடுத்து, ரத்தத்திலும் மேல்தோலிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து 1982இல் வெளியிட்டார்கள். 8ஆம் எண்ணுடையது இரண்டு இடத்திலும் கூடுதலாகச் சேர்ந்தது. தோலையும் அதுதான் அதிகம் சுட்டது. இரண்டுக்கும் சுடும் திறனில் தெரிந்த வித்தியாசத்துக்குப் பின்னால், மேல்தோல்வரை எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற வித்தியாசம் இருந்தது. மேல்தோலில் ரத்தக் குழாய் கிடையாது. கீழே இருக்கும் நுண்குழாயிலிருந்து மருந்து ஊறித்தான் மேலே வர வேண்டும். மருந்துக்கும் கதிருக்கும் இடையில் மருத்துவர் விடச் சொல்லும் ஒன்றிரண்டு மணி நேரம், மருந்து வயிற்றிலிருந்து அங்கே வந்து சேரப் பிடிக்கும் நேரம்.

தோல் சுட்டுப்போனால் அது தெரியச் சுணங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண வெயில் சுட்டால் அன்று மாலையே எரியும். புவாவில் சிவப்பு ஒரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும், உச்சத்துக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மருந்து ரத்தத்தைவிட்டே போயிருக்கும். "மருந்து உடம்பில் தங்கிவிட்டது" என்று பலரும் பயப்படுவது இதனால்தான். தங்கியிருப்பது டி.என்.ஏ.வோடு கதிர் ஒட்டவைத்த கொஞ்சம் மூலக்கூறுகள் மட்டும். அதனால் முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்று அடுத்த நாளே வெயிலைக் கூட்டக்கூடாது. ஒருநாளாவது இடைவெளி விடச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இனிக் கண்ணுக்கு வருவோம். உள்ளுறுப்புகளை இருட்டு காப்பாற்றுகிறது என்றேன். உடம்பின் உள்ளே இருந்தாலும் வெளிச்சம் புகும் ஓர் உறுப்பு உண்டு, அது கண். அங்கே இருக்கும் லென்ஸுக்கு ரத்தக் குழாய் இல்லை. சுற்றியுள்ள நீரிலிருந்துதான் எல்லாம் ஊறி வருகிறது. மருந்தும் அப்படியே வருகிறது. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ற அளவில் லென்ஸுக்குள்ளும் இருக்கிறது. வெளியேறுவதும் ஊறித்தான், மெதுவாக. வெளிச்சம் படாமல் வைத்தால் ஒரு நாளுக்குள் லென்ஸிலிருந்து மருந்து முழுக்க வெளியே வந்துவிடுகிறது. அதற்குள் யூ.வி.ஏ. பட்டால் லென்ஸின் புரதத்தோடும் டி.என்.ஏ.வோடும் ஒட்டிக்கொள்கிறது. லெர்மன் குழுவினர் 1980இல் இதைக் காட்டினார்கள். சித்தியின் சீட்டில் இருந்த 24 மணி நேரம் இங்கிருந்து வந்ததுதான்.

தோலில் ஒட்டினால் அவ்வளவு பயமில்லை என்றும் லென்ஸில் ஒட்டினால் பயம் என்றும் ஏன் பிரிக்கிறோம்? மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாக வந்துவிடும். லென்ஸ் எதையும் உதிர்ப்பதில்லை. அம்மா வயிற்றில் இருந்தபோது உண்டான புரதம் அறுபது வயதிலும் லென்ஸின் நடுவே அப்படியே இருக்கும். அங்கே ஒட்டியது ஒட்டியதுதான். யூ.வி.ஏ.வை மிக அதிகமாகப் பாய்ச்சினால் விலங்குகளுக்குக் கண்புரை வருவதும், சொரலனைச் சேர்த்துக் கொடுத்தால் அது இன்னும் கூடுவதும் 1960களிலேயே தெரிந்திருந்தது.

வுல்ஃபும் ஹார்ட்டும் 1978இல் இன்னொன்றையும் கண்டிருந்தார்கள். எலியின் விழித்திரையில் இந்த மருந்து சேர்கிறது. படித்ததும் எனக்குத் திக்கென்றது. ஆனால் வளர்ந்த மனிதனின் லென்ஸ் யூ.வி.ஏ.வைப் பெரும்பாலும் தானே வாங்கிக்கொண்டு விழித்திரைக்கு விடுவதில்லை. தனக்கு ஆபத்தை வாங்கிக்கொண்டு பின்னால் இருப்பதைக் காக்கிறது. அப்படியானால் லென்ஸே இல்லாதவர்களுக்கு? பழைய முறையில் புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைக்காமல் விட்டவர்கள் நம் கிராமங்களில் நிறையப் பேர் இருந்தார்கள், தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்று மருந்தின் அறிவுறுத்தலில் எழுதியிருக்கிறது. இதை எழுதிக்கொடுக்கும் மருத்துவர் கண் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும்.

இத்தனை பயம் வீண்போகவில்லை. அமெரிக்காவில் 1970களின் நடுவில் புவா எடுத்த 1,380 சோரியாசிஸ் நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கண்ணைக் காக்கச் சொல்லியிருந்த அவர்களிடம் 25 வருடம் ஆனபிறகும் புவாவின் அளவுக்கு ஏற்பக் கண்புரை கூடவில்லை என்று 2007இல் முடிவு வந்தது. தோல் விஷயத்தில் அதே ஆய்வு நல்ல செய்தி தரவில்லை. சிகிச்சையின் எண்ணிக்கை ஏற ஏறச் செதில்செல் தோல் புற்றுநோய் ஏறியது. மெத்தாக்சலனும் யூ.வி.ஏ.வும் சேர்ந்தால் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியான பட்டியலில் சேர்த்திருக்கிறது. வருடக்கணக்கில் தொடரும் சிகிச்சைக்கு மருத்துவர்கள் கணக்கு வைப்பது அதனால்தான்.

இருட்டில் சும்மா இருக்கும் என்று சொன்னேனே, அதிலும் ஒரு திருத்தம் வேண்டும். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் எலிகளுக்கு இரண்டு வருடம், வாரத்துக்கு ஐந்து நாள், வெளிச்சச் சிகிச்சை எதுவும் இல்லாமல் இந்த மருந்தை மட்டும் வாய்வழி கொடுத்து 1989இல் முடிவை வெளியிட்டது. ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் கட்டிகள் வந்தன, பெண் எலிகளுக்கு வரவில்லை. கொடுத்த அளவு கிலோவுக்கு 37.5 மில்லிகிராமும் 75 மில்லிகிராமும். மனிதனுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு சுமார் 0.6 மில்லிகிராம்தான். எனவே இதை நேராக மனிதன்மேல் போட முடியாது. ஆனாலும் மருந்து அதிகம் வந்து சேரும் உறுப்புகளில் ஒன்றான சிறுநீரகம் இருட்டிலும் முழுக்கத் தப்பவில்லை என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

மருந்து உடம்பெல்லாம் போவதுதான் தொல்லை என்றால், போகாமல் செய்ய முடியாதா? செய்கிறார்கள். சொரலன் கலந்த தண்ணீரில் கைகாலையோ உடம்பையோ ஊறவைத்துவிட்டுக் கதிர் காட்டுவது ஒரு முறை. ரத்தத்துக்கு மிகக் கொஞ்சமே போகிறது, கல்லீரலின் குறுக்கீடும் இல்லை. ஆனால் தோலில் நேராகப் பூசும் லோஷனில் எச்சரிக்கை வேண்டும். தோலில் ஏறும் அளவு மாத்திரையில் கிடைப்பதைவிட அதிகமாகிவிடலாம். அதைத் தடவிக்கொண்டு நம் ஊர் வெயிலில் நின்று பெரிய பெரிய கொப்புளத்தோடு வருபவர்களைத் தோல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். இன்னொரு வழி ரத்தத்தையே வெளியே எடுப்பது. தோலில் வரும் ஒருவகை டி-செல் புற்றுநோய்க்கு எடெல்சன் 1987இல் வெளியிட்ட முறை அது. வெள்ளணுக்களைப் பிரித்து, வெளியிலேயே யூ.வி.ஏ. காட்டித் திரும்ப ஏற்றுவார்கள். ஆரம்பத்தில் நோயாளி மாத்திரையை விழுங்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஆள் ரத்தத்தில் ஏறும் அளவு ஏறுமாறாக இருந்ததால், பிறகு மருந்தை நேராகப் பிரித்த அணுக்கள் இருக்கும் பையிலேயே சேர்க்கத் தொடங்கினார்கள்.

சித்தியிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. லென்ஸிலிருந்து மருந்து ஊறி வெளியே வர ஒருநாள் ஆகும் என்பதை மட்டும் சொன்னேன். "வீட்டுக்குள்ள வெயில் எங்க வருது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூ.வி.ஏ.வில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும், பேருந்து ஜன்னலும் அப்படித்தான். கறுப்பாக இருந்தால் போதாது, யூ.வி.ஏ.வைத் தடுக்கும் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கே போய் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அது தடுக்கவில்லை. புதிது வாங்கினார். அதற்குப்பின் மாத்திரை நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் போட்டால் மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் கழற்றுவார், தூங்கும் நேரம் தவிர.